டி.ஏ.டி. தேர்வுக்குப் படிக்க எது நல்லது: நேரலை வகுப்பா, தனிப்படிப்பா, தனி ஆசிரியரா?

டி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வை எழுதி அமெரிக்காவில் பல் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: “அக்கா, எந்தக் கோர்ஸ்ல சேரட்டும்?” பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்பேன்: “முழு மாதிரித் தேர்வு ஒண்ணு எழுதிப் பாத்தியா?” இல்லை என்றுதான் பெரும்பாலும் வரும். எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு எழுதிப் பார்க்கலாம் என்று ஒத்தி வைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் ஒத்தி வைத்தேன். அதனாலேயே டி.ஏ.டி.யை இரண்டு முறை எழுத வேண்டி வந்தது.

முதல் முறை நேரலை வகுப்பில் சேர்ந்தேன். இரண்டாம் முறை கேள்வி வங்கி ஒன்றுக்குச் சந்தா கட்டி வீட்டிலேயே படித்தேன். கரிம வேதியியலுக்கு மட்டும் ஆறு மணி நேரம் தனி ஆசிரியர் ஒருவரிடம் போனேன். மூன்று வழியிலும் நடந்தவள் என்பதால், எது யாருக்குப் பொருந்தும் என்று கொஞ்சம் தெளிவாகவே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

வழிகளைப் பார்க்கும் முன் தேர்வைப் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்தும் இந்தத் தேர்வைப் புரோமெட்ரிக் என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களில் கணினியில் எழுத வேண்டும். மொத்தம் 280 கேள்விகள். முதலில் இயற்கை அறிவியல்: உயிரியல் 40, பொது வேதியியல் 30, கரிம வேதியியல் 30, எல்லாவற்றுக்கும் சேர்த்து 90 நிமிடம். அடுத்தது பி.ஏ.டி. எனப்படும் உருவ உணர்வுப் பகுதி: 90 கேள்வி, 60 நிமிடம். அதன்பின் விருப்பப்பட்டால் அரை மணி நேர இடைவேளை. பிறகு மூன்று உரைப்பகுதிகளும் 50 கேள்விகளும் கொண்ட வாசிப்பு, 60 நிமிடம். கடைசியில் கணிதம், 40 கேள்வி, 45 நிமிடம். தொடக்க விளக்கத் திரை, முடிவில் வரும் கருத்துக் கேட்பு இரண்டையும் கூட்டினால் நாற்காலியில் ஐந்தேகால் மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆகவே எதையும் காலியாக விட்டு வரக் கூடாது.

மதிப்பெண் முறை 2025 மார்ச் 1 முதல் மாறிவிட்டது. முன்பு 1 முதல் 30 வரை. இப்போது 200 முதல் 600 வரை, பத்துப் பத்தாக. சீனியர்கள் “எனக்கு 21” என்று சொல்வது பழைய அளவில், அதை வைத்து உங்கள் இலக்கைக் கணக்குப் போட வேண்டாம். கனடாவில் நடக்கும் தேர்வு வேறு. பெயர் ஒன்றுதான் என்றாலும் அங்கே கரிம வேதியியலும் கணிதமும் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம் விண்ணப்பிப்பவர்கள் அமெரிக்கத் தேர்வுக்கான பாடத்தொகுப்பை முழு விலைக்கு வாங்கிவிட்டுப் பாதியைத் திறக்காமலே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நேரத்தை வகுத்துப் பாருங்கள். அறிவியலில் ஒரு கேள்விக்கு 54 விநாடி. பி.ஏ.டி.யில் 40 விநாடி. கணிதத்தில் 67 விநாடி. தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தெரிந்தது சட்டென்று கைக்கு வர வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குத்தான் அடிப்படை.

நேரலை வகுப்பு

வகுப்பு தருவது முதலில் ஒரு கால அட்டவணை. திங்கள் மாலை ஏழு மணிக்கு உட்கார வேண்டும் என்றால் உட்கார்ந்தே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார், கூடப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரியலும் வேதியியலும் படித்து மூன்று நான்கு ஆண்டு ஆகிவிட்டவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும், தனியாக விட்டால் புத்தகத்தைத் திறக்க மாட்டோம் என்று தம்மைப் பற்றித் தாமே அறிந்தவர்களுக்கும் இது பெரிய உதவி. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆனால் என் தயக்கம் பணத்தைப் பற்றியது மட்டும் அல்ல. வகுப்பு எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போகும். எனக்கு நன்றாகத் தெரிந்த மரபியலுக்கு இரண்டு மாலை போனது. எனக்குத் தெரியாத வேதிவினை வழிமுறைகளுக்கும் அதே இரண்டு மாலைதான். மூன்று மாதத்தில் நான்கு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதினேன். ஆசிரியர் கணக்கைப் போடும்போது ஒவ்வொரு படியும் புரிந்தது. புரிந்ததால் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். தேர்வு மையத்தில் திரைக்கு முன் உட்கார்ந்தபோது அடுத்த படியை எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை.

இதைப் பின்னால்தான் விளங்கிக்கொண்டேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஓர் உரையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு, நினைவில் இருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே மேல். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வகுப்பில் கேட்டுக் கேட்டு எனக்குக் கிடைத்தது அந்த முதல் ஐந்து நிமிடத் தெளிவுதான்.

வகுப்பில் சேர்வதென்றால் என் யோசனை இது: வகுப்பு நேரத்துக்குச் சமமான நேரத்தைக் கேள்விகள் போட ஒதுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். வாரத்துக்கு ஆறு மணி நேரம் வகுப்பு, அதன்பின் களைத்துப் போய்ப் படுத்துவிடுவேன் என்றால், அந்த ஆறு மணி நேரத்தையும் கேள்விகளுக்கே கொடுங்கள்.

தனிப்படிப்பு

சந்தாவில் கிடைக்கும் கேள்வி வங்கிகளுக்கு மாதக்கணக்கில் கட்டினாலும் சில நூறு டாலரோடு முடிந்துவிடும். அடிப்படைப் பாடத்துக்குக் கான் அகாடமி என்ற இணையதளத்தின் காணொளிகள் இலவசம். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் உள்ள அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பப் படிக்க ஆன்கி என்ற செயலி இருக்கிறது. பல் மருத்துவச் சங்கமே மாதிரித் தேர்வு விற்கிறது. உண்மைத் தேர்வின் கேள்வி நடைக்கு மிக அருகில் இருப்பது அதுதான் என்பதால் அதைக் கடைசி இரண்டு வாரத்துக்கு எடுத்து வையுங்கள்.

கருவிக்குப் பஞ்சமே இல்லை, அதுவே சிக்கலும் ஆகிறது. மூன்று கேள்வி வங்கி, இரண்டு குறிப்புத் தொகுப்பு, யாரோ பகிர்ந்த அட்டைகள் என்று சேர்த்துக்கொண்டு எதிலும் பாதியைத் தாண்டாதவர்கள் நிறைய. ஒன்றை எடுத்து அதை முடிப்பது, மூன்றை எடுத்து மேய்வதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு குறை, உங்கள் தவறுகளைக் கவனிக்க வேறு ஆள் இல்லை. அந்த வேலையை ஒரு தவறு நோட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் தவறுகளை மூன்று வகையாகப் பிரித்தேன்: பாடமே தெரியாதது, தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தது, நேரம் போதாமல் விட்டது. மூன்று வாரம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், பொது வேதியியலில் என் தவறுகளில் பாதி வேதியியலே இல்லை. கூட்டல் பெருக்கல் தவறுகள்! டி.ஏ.டி.யில் திரையில் வரும் கால்குலேட்டர் கணிதப் பகுதிக்கு மட்டும்தான், அறிவியலுக்குக் கிடையாது. கல்லூரியில் எப்போதும் கால்குலேட்டரோடு வேதியியல் போட்டுப் பழகியவள், கையால் அடுக்குக்குறிகளைக் கையாள மறந்திருந்தேன். அதன் பிறகு 2-இன் மடக்கை (லாக்) 0.30, 3-இன் மடக்கை 0.48 என்று மனப்பாடம் செய்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். கணக்குகளைத் தோராயமாகப் போடக் கற்றுக்கொண்டேன். கொடுத்திருக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று போதுமான தூரத்தில் இருப்பதால் தோராயமே பல நேரம் போதும். எந்த வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அது என்னுடைய தனிப்பட்ட ஓட்டை.

உயிரியலைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது கேள்விக்குள் செல், மரபியல், உடலியல், தாவரம், பரிணாமம், சூழலியல், விலங்கு நடத்தை என எல்லாம் வரும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் கேட்பார்கள், ஆனால் எதை வேண்டுமானாலும் கேட்பார்கள். இதற்குத் தினம் அரை மணி நேரம் அட்டை புரட்டுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வாசிப்புப் பகுதி நேரெதிர். உரையில் இல்லாத எதுவும் தேவையில்லை. திரையில் நீண்ட அறிவியல் கட்டுரைகளைப் படித்துப் பழகினால் போதும்.

பி.ஏ.டி.: யாராலும் கற்றுக் கொடுக்க முடியாத பகுதி

என் முதல் முயற்சியில் மிகவும் கீழே போனது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆறு வகைக் கேள்விகள், ஒவ்வொன்றிலும் 15. ஒரு பொருள் எந்தத் துளை வழியே நுழையும், மேலிருந்தும் முன்னிருந்தும் பார்த்த தோற்றத்தை வைத்துப் பக்கத் தோற்றம் எது, நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவது, மடித்துத் துளையிட்ட காகிதத்தைப் பிரித்தால் துளைகள் எங்கே இருக்கும், அடுக்கிய கனசதுரங்களில் எத்தனைக்கு எத்தனை பக்கம் வண்ணம், விரித்த வடிவத்தை மடித்தால் என்ன உருவம் வரும்.

இவற்றில் இரண்டுக்கு முறை உண்டு. காகித மடிப்புக்கு நான்குக்கு நான்கு கட்டம் போட்டு, கடைசி மடிப்பிலிருந்து பின்னோக்கிப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். கனசதுரத்துக்கு ஒரு சின்ன அட்டவணை: பூச்சியம் பக்கம், ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று ஐந்து வரை எழுதி, ஒவ்வொரு கனசதுரத்துக்கும் கோடு போட வேண்டும். தரையில் படும் அடிப்பக்கத்துக்கு வண்ணம் கிடையாது என்பதை மறந்தால் எண்ணிக்கை முழுவதும் பிசகிவிடும். ஒரே அடுக்குக்கு இரண்டு மூன்று கேள்விகள் வரும் என்பதால் அட்டவணையைப் பொறுமையாகப் போட்டால் அடுத்த கேள்விகள் ஐந்து விநாடியில் முடியும். இந்த முறைகளைக் கற்க ஒரு மாலை போதும்.

மற்ற நான்கும் கண் பழக்கம். கோணங்களை வரிசைப்படுத்துவதற்கு உலகத்தில் யாரிடமும் மந்திரம் இல்லை. தினமும் பதினைந்து கோணக் கேள்வி, பதினைந்து துளைக் கேள்வி போட்டால் ஆறாவது ஏழாவது வாரத்தில் கண் தானாகப் பார்க்கத் தொடங்கும். எனக்கு அந்த மாற்றம் வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. முந்தின நாள் வரை ஊகமாக இருந்த விடை அன்று கண்ணுக்குத் தெரிந்தது. நான் போன வகுப்பில் இரண்டு அமர்வில் பி.ஏ.டி.யை முடித்துவிட்டார்கள். வகுப்பின் இயல்பே அப்படித்தான், தினம் இருபது நிமிடம் என்பதை எந்த வகுப்பாலும் நடத்த முடியாது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் பி.ஏ.டி. தனிப்படிப்புத்தான். நேரலை வகுப்புக்குக் கட்டும் பணத்தில் இதற்கும் பங்கு இருக்கிறது என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

தேர்வு மையத்தில் காகிதமும் பென்சிலும் தர மாட்டார்கள். பளபளப்பான குறிப்புப் பலகையும் மார்க்கரும்தான். கூர்மையான பென்சிலால் சின்னக் கட்டம் போட்டுப் பழகியவருக்கு மார்க்கரின் கோடு தடிமனாகத் தெரியும், கை தடுமாறும். லேமினேட் செய்த தாள் ஒன்றை முதல் வாரத்திலேயே மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆசிரியர்

மணிக்கணக்கில் பணம் வாங்குவதால், முழுத் தேர்வுக்கும் இவரை நம்பினால் வகுப்பைவிடச் செலவு கூடிவிடும். நான் போனது ஒரே ஒரு ஓட்டையை அடைக்க. எஸ்.என்.1, எஸ்.என்.2, இ1, இ2 என்ற நான்கு வேதிவினை வகைகளில் எது எப்போது நடக்கும் என்பது கல்லூரியில் படித்தபோதே எனக்குக் குழப்பம். மூன்று காணொளி பார்த்தேன், மூன்றிலும் புரிந்தது, கேள்வியில் மீண்டும் தப்பியது. ஆசிரியர் பாடம் எதுவும் நடத்தவில்லை. என் தவறு நோட்டிலிருந்து இருபது கேள்விகளை எடுத்து, “நீ யோசிக்கிறத வாய்விட்டுச் சொல்லும்மா” என்றார். நான்காவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிட்டார்: நான் எப்போதும் கரைப்பானை முதலில் பார்த்தேன், கார்பன் முதல்நிலையா, இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா என்று பார்க்கவே இல்லை. அந்த ஆறு மணி நேரம் நான் செலவழித்ததிலேயே பயனுள்ள பணம்.

ஆனால் தவறு நோட்டு இல்லாமல் போயிருந்தால் அவரும் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்கியிருப்பார். தனி ஆசிரியர் தனிப்படிப்புக்குத் துணை, அதற்கு மாற்று ஆக முடியாது. இரண்டு மாதம் தனியாகப் படித்த பிறகும் ஒரே இடத்தில் மதிப்பெண் நின்றால் அப்போது தேடுங்கள்.

கோடையா, செமஸ்டரா?

எங்கே படிப்பது என்பதைவிட எப்போது படிப்பது என்பது சில பேருக்குப் பெரிய முடிவு. கோடை விடுமுறையில் பத்துப் பன்னிரண்டு வாரம் முழு நேரமாகப் படிப்பது ஒன்று, செமஸ்டரோடு சேர்த்து ஐந்தாறு மாதம் நீட்டுவது இன்னொன்று. கோடையின் பலம் முழு மாதிரித் தேர்வுகள். ஐந்தேகால் மணி நேரம் இடைஞ்சல் இல்லாமல் உட்காரும் நாள் செமஸ்டரில் கிடைப்பது அரிது. நீட்டிப் படிப்பதன் பலம் நினைவு. மறதி முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் 1885இலேயே தன்னையே சோதித்துக் காட்டியிருக்கிறார். இடைவெளி விட்டுத் திரும்பத் தொட்ட பாடம்தான் தங்கும்.

என் தேர்வு இரண்டின் கலவை. வசந்த செமஸ்டரில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்: இருபது நிமிடம் பி.ஏ.டி., மீதி உயிரியல் அட்டை. வேதியியல், கணிதம், முழு மாதிரித் தேர்வுகள் எல்லாம் விடுமுறை தொடங்கிய பிறகு. கரிம வேதியியல் இரண்டாம் பாகத்தை இந்த செமஸ்டரில்தான் முடிக்கிறீர்கள் என்றால் அந்தச் சூடு ஆறும் முன் தேர்வை வைப்பது கூடுதல் லாபம்.

தேதியை முடிவு செய்யும்போது விண்ணப்பத்தையும் சேர்த்துப் பாருங்கள். பெரும்பாலான பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தை ஜூன் மாதத் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். பல கல்லூரிகள் வரும் வரிசையிலேயே பரிசீலிக்கத் தொடங்கிவிடும் என்பதால் முன்கூட்டி அனுப்புவது நல்லது. ஆனால் அந்த அவசரத்தில் அரைகுறையாக எழுதுவதுதான் நான் செய்த தவறு. மறுபடி எழுத 60 நாள் காத்திருக்க வேண்டும், கட்டணம் ஒவ்வொரு முறையும் 500 டாலருக்கு மேல், எத்தனை முறை எழுதினீர்கள் என்பதும் அறிக்கையில் தெரியும். முதல் முறை எழுதுபவர்களில் பொருளாதார நெருக்கடி உள்ளவர்களுக்குச் சங்கம் பாதிக் கட்டணத் தள்ளுபடி தருகிறது. எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆகவே சீக்கிரமே விண்ணப்பியுங்கள்.

கல்லூரிப் பாடங்களை அண்மையில் முடித்து, தன் நேரத்தைத் தானே ஆளத் தெரிந்த ஒருவர் கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது தனிப்படிப்பு, தேவைப்பட்டால் ஓரிரு பாடத்துக்கு ஆசிரியர். பாடம் விட்டு ஆண்டுகள் ஆனவர் கேட்டால் வகுப்பு, ஆனால் மேலே சொன்ன நிபந்தனையோடு. இந்த இரண்டில் எதில் நீங்கள் என்று தெரியாவிட்டால், எதற்கும் பணம் கட்டும் முன் வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து ஒரு முழு மாதிரித் தேர்வை எழுதுங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள், பி.ஏ.டி.க்குப் பின் மட்டும் அரை மணி நேரம் எழுந்திருங்கள். மதிப்பெண் மோசமாகத்தான் வரும், எல்லோருக்கும் அப்படித்தான். மாலையில் தவறுகளை அந்த மூன்று வகையாகப் பிரியுங்கள். பாடமே தெரியாதவை அறிவியல் மூன்றிலும் குவிந்திருந்தால் வகுப்பைப் பற்றி யோசிக்கலாம். ஒரே பாடத்தில் குவிந்திருந்தால் அதற்கு மட்டும் ஆசிரியர். நேரம் போதாதவையும் தப்பாகப் படித்தவையும்தான் அதிகம் என்றால் கேள்வி வங்கியை இன்றே திறக்கலாம்.